புதன்கிழமை, நூற்றிருபது ரூபாய்

தனி ஆள். வாரத்தின் நடுவில் ஒரு சாதாரண நாள். ஓட்டலில் போய் உட்கார்ந்து எவ்வளவுக்குச் சாப்பிடலாம்?

குடும்பம் இரும்பை கிராமத்தில், எனக்கு வேலை திண்டிவனத்தில் ஒரு அரிசி ஆலையில். வாரத்தில் ஐந்து நாள் ராத்திரிச் சாப்பாடு ஓட்டலில்தான். ஆலையில் கூட வேலை செய்கிறவர்களிடம் இந்தக் கேள்வியைப் போட்டால் ஆளுக்கு ஒரு பதில் வரும். நாலு இட்லிக்கு மேல் ஒரு பைசா தண்டம் என்பார் ஒருத்தர். சம்பாதிக்கிறதே திங்கத்தானே, முந்நூறு ஆனால் என்ன என்பார் இன்னொருத்தர். நான் வாயைத் திறப்பதில்லை. எனக்குத் தெரிந்த பதில் நூற்றிருபது ரூபாய். அது நான் கண்டுபிடித்தது இல்லை. மரக்காணத்தில் உப்பளத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மாவுடையது. அந்த நூற்றிருபதையும் அவரிடமிருந்து பிடுங்கிவிட்டவன் நான்தான். பிடுங்கியது கையால் இல்லை, வாயால்.

என் வாய் அப்படி. "உன் வாய்க்கு ஒரு பூட்டு போட்டாத்தான் நாம உருப்படுவோம்" என்று என் மனைவி கல்யாணமான முதல் வருஷத்திலேயே சொல்லிவிட்டாள். பாண்டிச்சேரியில் பார்த்த கம்பெனி வேலை போனதும் இந்த வாயால்தான். அதற்கப்புறம் மனைவியின் அண்ணன், என் மச்சான், மரக்காணத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி நடத்திய ஓட்டலில் கல்லாவில் உட்கார்ந்தேன். மூன்று வருஷம்.

எங்கள் பக்கத்தில் உப்பளத்துப் பெண்கள் ஓட்டலுக்கு வராமல் இல்லை. பார்சல் வாங்க வருவார்கள். வாசலில் பரோட்டாக் கல்லுக்குப் பக்கத்தில், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடி நிற்பார்கள். வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். உள்ளே உட்காருவதென்றால் புருஷனோ பிள்ளையோ கூட வர வேண்டும், அதுவும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வருகிற நாளாக இருக்க வேண்டும். தனியாக ஒரு பெண்பிள்ளை வந்து உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

அன்றைக்குப் புதன்கிழமை, சாயங்காலம் ஏழு மணி இருக்கும். ஐம்பது ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா வாசலில் வந்து நின்றார். புடவைக்கு மேல் ஆம்பிளை சட்டை. முழங்கால் வரைக்கும் உப்பு காய்ந்து வெள்ளை பூத்திருந்தது.

"எத்தினி பார்சல்க்கா?" என்றேன்.

"பார்சல் இல்ல தம்பி. ஒக்காந்து சாப்பிடணும்."

ஃபேமிலி ரூமைக் கைகாட்டினேன். "அங்க எதுக்கு? நான் ஒருத்திதான" என்று சொல்லிவிட்டு, கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு பேர் மேசையில் போய் உட்கார்ந்தார். சப்ளையர் ஏழுமலை என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். போ என்று தலையாட்டினேன்.

"என்னாம்மா வேணும்?" என்றான் ஏழுமலை.

"என்னா இருக்குது?"

ஏழுமலை பட்டியல் சொல்ல ஆரம்பித்தால் அது ஒரு ரயில்தான், நடுவில் நிற்காது. "இட்லி தோசை கல்தோசை பொடிதோசை முட்டைதோசை, பரோட்டா சப்பாத்தி கொத்துப்பரோட்டா, ஆம்லெட்டு ஆஃப்பாயிலு, சிக்கன்ரைஸு, எறா தொக்கு, மீன் வறுவலு." மீன் வறுவல் எப்போதும் கடைசி. அதைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் மூச்சு விடுவான். முக்கால்வாசிப் பேர் பரோட்டாவிலேயே அவனை நிறுத்திவிடுவார்கள். இந்த அம்மா நிறுத்தவில்லை. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். முடிந்ததும் கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம் சொன்னார்: "ரெண்டு பரோட்டா. ஒரு மீன் வறுவல். ஒரு ஆம்லெட்டு. கடசில ஒரு டீ."

பரோட்டா முப்பது, சங்கரா மீன் அறுபது, ஆம்லெட் பதினெட்டு, டீ பன்னிரண்டு. நூற்றிருபது ரூபாய். சுருக்குப் பையிலிருந்து எடுத்து, நோட்டை நீவி, கல்லாவில் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த புதன்கிழமையும் வந்தார். "என்னா இருக்குது?" என்று கேட்டார். மறுபடி முழுப் பட்டியல், மறுபடி அதே யோசனை, மறுபடி அதே சாப்பாடு. நாலாவது வாரம் ஏழுமலை பட்டியலை விட்டுவிட்டு, "அதே தான மா?" என்று சிரித்தான். அந்த அம்மாவுக்கு முகம் சுருங்கிப்போய்விட்டது.

"நீ சொல்லு தம்பி. நான் கேக்கறேன்."

சொன்னான். முழுசாகக் கேட்டுவிட்டு, அதே ரெண்டு பரோட்டா, மீன் வறுவல்தான். கல்லாவுக்கு வந்தபோது நான் சும்மா இருந்திருக்கலாம். இருப்பேனா? "ஏங்க்கா, அதத்தான் சாப்பிடப் போற, எதுக்கு அவன தம் கட்ட வெக்கிற?" என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"ஊட்டுக்குப் போனா, சோத்துக்கு என்னா செஞ்சிக்கிறன்னு கேப்பாங்க. அளத்துல, என்னா செஞ்சி கிழிச்சன்னு கேப்பாங்க. உனக்கு என்னா வேணும்னு என்னய ஒரு ஆளு கேக்கறது இந்த எடத்துலதான் தம்பி."

எனக்கு நறுக்கென்று இருந்தது. அன்றைக்கு ராத்திரி வீட்டுக்குப் போனதும் மனைவியிடம், "உனக்கு என்னா வேணும்?" என்று கேட்டேன். "என்னா, குடிச்சிட்டு வந்துக்கிறியா?" என்றாள் அவள்.

அந்த அம்மா கையில் சாப்பிட மாட்டார். ஸ்பூன் கேட்பார். பரோட்டாவை ஏழுமலையே பிய்த்துப்போட்டு சால்னா ஊற்றித் தர வேண்டும். உப்பளத்து ஆள் ஸ்பூனில் பரோட்டா சாப்பிடுவதைப் பார்த்து, "தொரசாணி வந்துட்டாங்கடா" என்று பக்கத்து மேசையில் ஒருத்தன் ஒருநாள் சிரித்தான். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வலது கையை மட்டும் மேசை மேல் விரித்து வைத்தார். விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு, உப்பு தின்ற புண். அதில் சால்னா காரம் பட்டால் என்ன ஆகும் என்று எவனுக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. சிரித்தவன் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் தலை நிமிரவில்லை.

மேசையில் உப்புக் கிண்ணம் இருந்தால் அதை ஏழுமலையிடம் எடுத்துக் கொடுத்துவிடுவார். "காலையிலேர்ந்து அது மூஞ்சியிலதான முழிக்கிறேன். சாப்பிடறப்பவுமா?"

சனி ஞாயிறுகளில் சென்னைக் கார்கள் எங்கள் கடையில் நிற்கும். அபூர்வமாக ஒரு புதன்கிழமையும் ஒரு கார் வந்தது. நாலு பேர். ஏழுமலையின் பட்டியல் முட்டைதோசைக்கு வருவதற்குள், "எல்லாத்துலயும் ரெண்டு ரெண்டு கொண்டாப்பா" என்றார்கள். பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்கள். அந்த அம்மா அதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டே இருந்தார். மிச்சம் வைத்ததைப் பற்றி ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "பாவம், என்னா இருக்குதுன்னு முழுசா கேக்காமயே வாங்கிட்டாங்க" என்றார்.

நூற்றிருபதைப் பற்றியும் ஒருநாள் கேட்டேன். அளத்துப் பெண்களின் ஒரு நாள் கூலி எனக்குத் தெரியும். அதில் மூன்றில் ஒரு பங்கு இது. "நாலு இட்லி சாப்பிட்டா அறுபதுல முடிஞ்சிடும், இல்லக்கா?"

"அறுபதுக்குச் சாப்பிட்டா அது வயித்துக்கு. நூத்தி இருபதுக்குச் சாப்பிட்டாத்தான் எனக்கு."

நூற்றிருபது என்றால் நூற்றிருபதுதான். ஒரு ரூபாய் மேலேயும் போகாது, கீழேயும் வராது. பரோட்டாவுக்கு மூன்று ரூபாய் ஏற்றினார் என் மச்சான். அந்தப் புதன்கிழமை நூற்றிருபத்தாறு ஆனது. "ஆறு ரூவா விடுக்கா, பாத்துக்கலாம்" என்று பெரிய மனுஷன் மாதிரி கையை ஆட்டினேன். அந்த அம்மாவுக்கு வந்ததே கோபம்!

"நீ ஏன் விடணும்? நான் என்னா ஓசிச் சோறு தின்ன வந்தேனா?"

முந்தானை முடிச்சை அவிழ்த்து, அதில் ஷேர் ஆட்டோவுக்கு வைத்திருந்த சில்லறையிலிருந்து ஆறு ரூபாயை எண்ணி வைத்துவிட்டு நடந்தே போனார். அடுத்த வாரம் ஆம்லெட்டை விட்டுவிட்டார். அதற்குப் பதில் டீ இரண்டு, உட்கார்ந்ததும் ஒன்று, எழுந்திருக்கும்போது ஒன்று. கணக்குப் போட்டுப் பார்த்தேன், மறுபடி நூற்றிருபது. "ஏங்க்கா, ஒரு டீய விட்டா பன்னெண்டு ரூவா மிச்சம் ஆகுமே, ஊட்டுக்கு எடுத்துனு போலாமே" என்றேன். "அது ஊட்டுக்கு எடுத்துனு போற காசு இல்ல" என்றார். எனக்கு அது அப்போது புரியவில்லை. புரிந்திருந்தால் இதை நான் எழுத வேண்டி வந்திருக்காது.

மழை மாதங்களில் அவர் வர மாட்டார். அளம் முழுக்கத் தண்ணீர் நிற்கும், வேலை கிடையாது. அப்போதும் புதன்கிழமை அந்த ரெண்டு பேர் மேசையைப் பார்த்தால் ஏழுமலைக்கு ஒரு மாதிரி இருக்கும். தை போய் மாசி பிறந்து, பாத்தியில் உப்பு இறங்கி, முதல் லாரி ஏறுகிற புதன்கிழமை சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்பார். "என்னா இருக்குது தம்பி?" ஏழுமலை அன்றைக்குப் பட்டியலைக் கத்தியே சொல்வான்.

இப்போது நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த அம்மாவுக்கு ஒரு மகன். லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். கெட்டவன் என்று சொல்ல முடியாது. வண்டிக்குத் தவணை, இரண்டு பிள்ளைகள், எப்போதும் முகத்தில் ஒரு கடுப்பு. ஞாயிற்றுக்கிழமை சிக்கன்ரைஸ் பார்சல் வாங்க வருவான். ஒரு ஞாயிறு, கடை நிறைய ஆள் இருக்கும்போது, சால்னா கம்மியாகக் கட்டியிருக்கிறான் என்று ஏழுமலையைப் போட்டு வறுத்து எடுத்தான். "காசு நாளைக்கி வாங்கிக்கோ" என்றும் சொன்னான். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"டேய், உங்கம்மாகிட்ட போய்க் கத்துக்கடா! வாராவாரம் புதன்கிழமை வந்து மரியாதையா ஒக்காந்து சாப்பிட்டு, நூத்தி இருபது ரூவா டான்னு வெச்சிட்டுப் போவுது. ஒரு நாளு ஒரு வார்த்த கொற சொன்னது இல்ல."

பாராட்டாகத்தான் சொன்னேன். சத்தியமாகப் பாராட்டாகத்தான்.

அவன் முகம் மாறிவிட்டது. "யாரு, எங்கம்மாவா? இங்கயா?" என்றான். ஏழுமலை பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தான். அப்போதும் நான் நிறுத்தினேனா? "ஆமாண்டா, அதோ அந்த டேபிள்தான்" என்று கையை வேறு நீட்டிக் காட்டினேன். அவன் அந்த மேசையை ஒரு நிமிஷம் பார்த்தான். பார்சலுக்குக் காசைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

அந்தப் புதன்கிழமை அந்த அம்மா வரவில்லை. அடுத்த புதனும் இல்லை. மாசி பங்குனி வெயில், உப்பு நன்றாக விளைகிற காலம், லாரிகள் போய்க்கொண்டுதான் இருந்தன. மூன்றாவது வாரம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மத்தியானம் கடையை ஏழுமலையிடம் விட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு அளத்துக்குப் போனேன். கண்ணைத் திறக்க முடியாத வெள்ளை. பெண்கள் பாண்டுச் சட்டியில் உப்பைச் சுமந்து வரப்பில் வரிசையாக வந்து குவியலில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அவரைக் கண்டுபிடித்து, கூடவே வரப்பில் நடந்தேன். அவர் நிற்கவில்லை. நின்றால் மேஸ்திரி சத்தம் போடுவான்.

"அக்கா, நான் ஏதோ வாய் தவறி..."

"நீ நல்லதுதான தம்பி சொன்ன" என்றார், தலையில் சுமையோடு. "நல்லது சொன்னதுலதான் நான் மாட்டிகினேன்."

நடந்துகொண்டே சொன்னார். புதன்கிழமை லாரி வரும். உப்பை அள்ளி மூட்டை பிடிக்க நிற்கிறவர்களுக்குக் கூலிக்கு மேலே இருநூறு ரூபாய், லாரிக்காரன் கையில் கொடுப்பான். வாரக் கூலி மகனின் போனுக்குப் போய்விடும், இவரிடம் போன் இல்லை. இந்த லோடு காசு ஒன்றுதான் இவர் கை தொட்ட காசு. வீட்டில் லோடுக்கு எண்பது ரூபாய் என்று சொல்லிவைத்திருந்தார். எண்பதை மகனிடம் கொடுத்துவிடுவார். மிச்சம் நூற்றிருபது.

நான் வரப்பிலேயே நின்றேன். அவர் கொட்டிவிட்டுத் திரும்பி வந்தார்.

"அடிச்சானா?"

"அடிச்சிருந்தா பரவால்லியே. புள்ளைங்கள எதுருல வெச்சிகினு கேட்டான். நாங்க ரசஞ்சோறு தின்றோம், நீ போயி மீனு தின்றியான்னான். சின்னது எம்மூஞ்சியப் பாத்து, 'ஆயா, நீ மட்டும் மீனு சாப்ட்டியா'ன்னு கேட்டுது தம்பி."

அவர் அழவில்லை. சும்மாடைச் சரி செய்துகொண்டார். லோடு காசும் இப்போது மகன் போனுக்கே போகிறது என்றார். மகனே லாரிக்காரனிடம் போய் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான்.

"அக்கா, நீ புதன்கெழம வா. காசு நான் போட்டுக்கறேன். வாரம் நூத்தி இருபது, அது எம்பொறுப்பு."

"நீ போட்டா அது உன் நூத்தி இருபது" என்று சொல்லிவிட்டுக் காலிப் பாண்டோடு போய்விட்டார். மகனிடம் போய்ப் பேசலாம் என்று நினைத்தேன். பேசி என்ன கிழிப்பது? பேசியதால்தானே இந்தக் கதி.

ஒரு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை, அதே ஏழு மணிக்கு அவர் வந்தார். ஏழுமலை ஓடிப்போய் அந்த மேசையைத் துடைத்தான். உப்புக் கிண்ணத்தை எடுத்துவிட்டான். ஆனால் அவர் உள்ளே வரவில்லை. பரோட்டாக் கல்லுக்குப் பக்கத்தில், மற்றப் பெண்கள் நிற்கிற இடத்தில், ரோட்டைப் பார்த்தபடி நின்றார்.

"ஆறு பரோட்டா, ஒரு சிக்கன்ரைஸு பார்சலு. காசு பையன் போட்டுடறேன்னான்."

கட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தோம். மகன் எங்கிருந்தோ போனில் காசை அனுப்ப வேண்டும், காசு வந்ததும் கல்லாவில் இருந்த பெட்டி அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் அவர் பார்சலைத் தொடவில்லை. நூற்றுத் தொண்ணூற்றெட்டு ரூபாய் வந்தது என்று பெட்டி கணீரென்று கத்தியது. அவர் பையை எடுத்தார்.

அப்போது ஏழுமலை கல்லாவைத் தாண்டி வாசலுக்கு வந்துவிட்டான். நான் சொல்லி அனுப்பவில்லை. நான் வாயே திறக்கவில்லை. அன்றைக்கு ஒருநாள்தான் என் வாய் சும்மா இருந்தது.

"அம்மா" என்றான். "உனக்கு என்னாம்மா வேணும்?"

அவர் அவனைப் பார்த்தார். பழைய பழக்கமோ என்னவோ, கை தானாகக் கன்னத்துக்குப் போனது. அவன் ஆரம்பித்துவிட்டான். "இட்லி தோசை கல்தோசை பொடிதோசை முட்டைதோசை..." மூச்சு விடவில்லை. "பரோட்டா சப்பாத்தி கொத்துப்பரோட்டா..." அவர் உதடும் கூடவே லேசாக அசைந்ததை நான் பார்த்தேன். கடைக்குள் இருந்தவர்கள் சாப்பிடுவதை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். "ஆம்லெட்டு, ஆஃப்பாயிலு..."

"போதும் தம்பி" என்றார். "பார்சலு ஆறிடும்."

பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போனார். ஏழுமலை வாசலிலேயே நின்றான். சிக்கன்ரைஸும் எறா தொக்கும் அவன் வாயிலேயே நின்றுவிட்டன. மீன் வறுவல் எப்போதும் கடைசியில்தான் வரும். அதுவரைக்கும் அவர் நிற்கவில்லை.